பெயர்ப்பலகைக்கு ஒரு வணக்கம்

ஜப்பானில் ஒரு குட்டி ஸ்டேஷன். அதன் பெயரைச் சுமந்து நின்ற பலகைக்கு ஒரு பெருமை உண்டு. தினமும் காலை ஏழு நாற்பதுக்கு எக்ஸ்பிரஸ் நிற்காமல் பறக்கும். அந்த வேகத்தில் பலகை கிடுகிடுவென்று ஆடும்.

"பாத்தீங்களாண்ணே, போற போக்குலயும் எனக்கு ஒரு வணக்கம் வச்சுட்டுப் போறாரு. என்னைக்காவது எனக்காக நிப்பாரு," என்று, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும் பாசஞ்சர் ரயிலிடம் சொல்லும். தினமும் கேட்கிற பேச்சு என்பதால் பாசஞ்சர் வாயைத் திறக்காது.

முப்பத்தோரு வருஷம் இப்படியே போனது. ஒரு பனிக்காலக் காலையில் சிவப்பு விளக்கு விழுந்து எக்ஸ்பிரஸ் நின்றேவிட்டது. அதுவும் பலகைக்கு நேர் எதிரே. எழுத்தைப் பனி மறைத்துவிடக் கூடாதே என்று பலகை தவித்தது. நல்லவேளை, மறைக்கவில்லை.

கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். எக்ஸ்பிரஸ், பலகையைத் தாண்டி பாசஞ்சரிடம் கேட்டது: "ஏம்ப்பா, இது எந்த ஊரு?"

"கோமெதானின்னு ஒரு ஊருங்க."

"அப்படி ஒரு ஊரா! கேள்விப்பட்டதே இல்லையே."

விளக்கு பச்சையானதும் அது போய்விட்டது.

மறுநாள் ஏழு நாற்பதுக்கு எக்ஸ்பிரஸ் பறந்தது. பலகை ஆடியது. பேச்சைக் காணோம். பாசஞ்சருக்கே மனசு பொறுக்கவில்லை.

"தம்பி, வணக்கம் வச்சுட்டுப் போறாருப்பா."

"அது காத்துண்ணே," என்றது பலகை.