சாவு ஒத்திகை

ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு அவர் செத்துப்போனார்.

ஹாலில் இருந்த நீள சோபாவில் காலை நீட்டிப் படுத்து, கண்ணை மூடி, நெஞ்சின் மேல் கையைக் கட்டிக்கொண்டார். கைக்குள் விசில் இருந்தது.

முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் தீப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த மனுஷன். இல்லாத நெருப்புக்கு மணியடித்து, ஐநூறு பேரை மைதானத்துக்கு ஓட வைத்தவர். ஒத்திகை பார்த்துவிட்டால் நிஜத்தில் ஆபத்தில்லை என்பது அவர் கட்சி. உயில் எழுதி முடித்ததும், அதற்கும் ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தான் போன பிறகு மகனும் மகளும் அடித்துக்கொள்ளக் கூடாது. அடித்துக்கொள்வதானால் இன்றைக்கே, தான் இருக்கும்போதே அடித்துக்கொள்ளட்டும், விலக்கிவிடலாம்.

இந்தப் பயம் சும்மா வரவில்லை. அப்பா போன மறு வாரம், சுவர்க் கடிகாரம் யாருக்கு என்று அவருக்கும் அண்ணனுக்கும் சண்டை. கடிகாரத்தை இவர் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை முடுக்கும் சாவியை அண்ணன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதினான்கு வருஷமாகக் கடிகாரமும் ஓடவில்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. வேறு சாவி வாங்கலாம்தான். வாங்கினால் அண்ணன் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே!

ஒத்திகை விதிகளைத் தாளில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். செத்தவர் பேசக் கூடாது; சண்டை வந்தால் மட்டும் விசில் ஊதலாம். யாரும் சிரிக்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்வது மனைவி பொறுப்பு. எதையும் பாதியில் நிறுத்தக் கூடாது.

மனைவி மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி உயிலைப் படித்தாள். வீடு இரண்டு பேருக்கும் சரிபாதி. சரி என்றான் மகன், சரி என்றாள் மகள். பீரோ தங்கைக்கே இருக்கட்டும் என்றான் அவன். தையல் மெஷின் அண்ணிக்கு உதவும் என்றாள் அவள்.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரு முணுமுணுப்பு கூடவா கிடையாது? தன் வயிற்றில் பிறந்ததுகள்தானா என்று மனைவிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

அடுத்தது கடிகாரம்.

"ஓடாத கடிகாரத்த வச்சு நான் என்ன பண்றது?" என்றான் மகன்.

"எனக்கும் வேண்டாம்ப்பா. பழைய சாமான் கடையில போட்டுடலாம்" என்றாள் மகள்.

செத்தவருக்கு ரத்தம் கொதித்தது. அடப் பாவிகளா! கூடப் பிறந்தவனையே விட்டுவிட்டுக் கொண்டுவந்த பொருளடா அது! விசிலை ஊதலாமென்றால், அதற்குச் சண்டை வேண்டும். யாராவது ஒருத்தர் ஆசைப்பட்டால்தானே சண்டை.

வாசல் கதவு திறந்தது.

யாரோ செருப்பைக் கழற்றினார்கள். பிறகு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து ஒரு நடை. அது யாருடைய நடை என்று தெரிய அவருக்குக் கண் வேண்டியதில்லை.

அடிப் பாவி, நிஜமாகவே தகவல் சொல்லிவிட்டாளா! ஒத்திகை என்று சொன்னாளா, இல்லையா?

"டேய்... போயிட்டியாடா?"

கட்டியிருந்த கையின் மேல் சுடச்சுட ஒரு சொட்டு விழுந்தது.

சொல்லவில்லை. சத்தியமாக ஒத்திகை என்று சொல்லவே இல்லை. இப்போது எழுந்து உட்கார்ந்தால் அண்ணனுக்கு மாரடைப்பு வரும். அது வராவிட்டால் கோபம் வரும், இன்னொரு பதினான்கு வருஷம் போகும். அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தால் போய்விடுவாரே என்று கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவர்ப் பக்கமிருந்து கிர்ரக், கிர்ரக் என்று எதையோ முடுக்கும் சத்தம்.

டிக். டிக். டிக்.

அப்பா வீட்டுக் கூடத்தில் கேட்ட அதே சத்தம்.

"அம்மா, கடிகாரம் எனக்கு" என்றான் மகன்.

"நீதான் வேண்டாம்னியே! எனக்குத்தான்!" என்றாள் மகள்.

அவன் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, குரல் ஏறிக்கொண்டே போனது. ஆகா, வந்துவிட்டது சண்டை! அவர் விசிலை எடுக்கக் கையைப் பிரித்தார்.

அதற்குள் இன்னொரு கை வந்து விசிலைப் பறித்துக்கொண்டது. காதோரம் மூச்சுக்காற்று பட்டது.

"வயிறு ஏறி ஏறி இறங்குதுடா. ஒத்திகைன்னு சொல்லித்தான் உன் பொண்டாட்டி கூப்பிட்டா. ஒழுங்கா செத்துக் கிட."

அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அண்ணன் விசிலை வாயில் வைத்து ஓங்கி ஊதினார்.