கழுத்திலிருந்து தொடங்கிய ஸ்வெட்டர்

டிக்… டிக்… டிக்…

வெள்ளிமலை ஏறும் காலை பஸ் கியர் மாற்றி முனகும்போது, அந்த முனகலுக்கு அடியில் இந்தச் சத்தம் கேட்கும். இரண்டு அலுமினிய ஊசிகள் ஒன்றையொன்று தொட்டு விலகும் சத்தம். எண்பதுகளில் கேட்டது. இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

ஜன்னலோரம் நர்ஸ் தங்கமணி. பக்கத்தில் நானும் குஞ்சம்மாளும். நாங்கள் இருவரும் மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். தங்கமணி வேலை பார்த்த ஆஸ்பத்திரி எங்கள் பள்ளியை ஒட்டியே இருந்தது.

"இன்னா சிஸ்டர், நாங்க தினமும் கீழேர்ந்து மேல ஏறிக்கினு இருக்கோம். நீங்க கழுத்துலேர்ந்து கீழ எறங்குறீங்களே!" என்பார் கண்டக்டர் வேடியப்பன்.

"இப்படிப் பின்னினாத்தாங்க அப்பறமா நீளத்தக் கூட்டலாம். புள்ள வளர வளர, அடி ஓரத்தப் பிரிச்சி ஒரு பட்டை சேத்துக்கலாம்."

"அது சரி. குளுருக்குப் போடறதுல தோள் பூரா இத்தினி ஓட்டை இன்னாத்துக்கு?"

"ஓட்டை இல்லீங்க, லேஸ். நல்லாப் பாருங்க. இல இலையாத் தெரியும்."

மாம்பழ மஞ்சள் ஸ்வெட்டர். அடியில் வருஷத்துக்கு ஒரு பட்டை. அதே மஞ்சள் மறுபடி கிடைக்காததால், ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு மஞ்சள்.

"எம்பொண்ணுக்கு. தியாகதுருகத்துல மாமியா வூட்ல வளர்றா" என்று சொல்லியிருந்தாள். அதற்கு மேல் கேட்டால் ஊசிகள்தான் பேசும்.

கார்த்திகை பிறந்து மலையில் குளிர் இறங்கியதும், ஆஸ்பத்திரி பெருக்கும் சின்னப்பொண்ணு தன் மகள் பூமாலையைக் கூட்டிவருவாள். தங்கமணி மகளுக்கும் அதே வயசாம்.

தங்கமணி ஸ்வெட்டரை அவளுக்கு மாட்டிவிடுவாள். கையை நீட்டச் சொல்வாள். திரும்பச் சொல்வாள். தோளை மெல்லத் தடவிக்கொடுப்பாள்.

"போதும் கண்ணு, கழட்டு."

பூமாலை கழற்றிக் கொடுத்துவிட்டு, மெல்லிய கவுனோடு வெயில் விழும் சுவரோரம் போய் உடம்பைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"மனசா அது, கல்லா? தான் பெத்தது மட்டுந்தான் புள்ளயா?" என்று குஞ்சம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னிடம் பொருமுவாள்.

வருஷா வருஷம் இப்படியே நடந்தது. பூமாலை நெடுநெடுவென்று வளர்ந்தாள். மஞ்சள் பட்டைகளும் கூடின.

ஒரு தை மாசம் தங்கமணிக்கு மணலூர்பேட்டைக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் சாயங்காலம், பூமாலையைக் கூப்பிட்டு இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள்.

"தோள் புடிக்குதா கண்ணு?"

"இல்லீங்க… சரியாக்கீது." பூமாலை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

தங்கமணி அதைக் கழற்றினாள். மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். பைக்குள் வைத்துக்கொண்டாள்.

குஞ்சம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் சிஸ்டர், போறப்பவாவது அதுங்கிட்ட குடுத்துட்டுப் போகக் கூடாதா? இத்தினி வருஷமா ஆச காட்டிக் காட்டிக் கழட்டிக்கிறீங்களே!"

தங்கமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சின்னப்பொண்ணு அவள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வாங்க சிஸ்டர், பஸ்ஸு பூடும்" என்று முன்னால் நடந்துவிட்டாள்.

பள்ளியில் வேலை பாக்கி இருந்ததால் நாங்கள் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிட்டோம். தங்கமணி போன பஸ் வளைவில் மறைந்ததும் குஞ்சம்மாள் சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினாள்.

"உனக்குச் சொரணையே இல்லியா? பெத்த புள்ள நடுங்கினு நிக்குது. வாய் தொறந்து கேட்டா இன்னா?"

"எதுக்குக் கேக்கணும் டீச்சர்? போன கார்த்திகையில சிஸ்டரே குடுக்க வந்துச்சு. நான்தான் வாங்கல."

"வாங்கலியா? ஏன்?"

"குடுக்கறப்ப கை அத்த உடவே மாட்டேங்குது. எம்பொண்ணுக்குக் குளுரே தெரியாது, நீங்களே வச்சிக்குங்க சிஸ்டர்னுட்டேன்."

"நல்ல கதையா இருக்குது! அந்தச் சின்ன ஸ்வெட்டருக்குள்ள மூச்சு முட்டிக்கினு நின்னுச்சே உம்பொண்ணு, அது பொய்யா?"

"அதுவும் நான் சொல்லிக் குடுத்ததுதாங்க. போட்டுப் பாக்கறப்ப தம் புடிச்சிக்கடீன்னு." சின்னப்பொண்ணு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடியில எத்தினி பட்டை வேணா சேக்கலாம். தோள் பத்தலன்னு தெரிஞ்சா மேலேர்ந்து பிரிக்கணும் இல்லீங்களா? அந்தத் தோள் ஒண்ணுதாங்க, சிஸ்டர் தம் பொண்ணு மடியில குந்திக்கினு இருக்கறப்ப பின்னுனது."

குஞ்சம்மாளுக்குப் புரியவில்லை. "பொண்ணுதான் தியாகதுருகத்துல இருக்குதே. அங்க போயி அளவெடுத்துப் புதுசாப் பின்னிட்டுப் போறாங்க."

சின்னப்பொண்ணு பஸ் போன வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் நின்ற பூமாலை அம்மாவின் முந்தானைக்குள் வந்து ஒண்டிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு மூணு வயசுலயே அம்மை போட்டுச் செத்துப்போச்சு டீச்சர்."