ஒம் பக்கம்

அப்பா விட்டுப்போன பழைய காரின் எஞ்சினில் இரண்டு கார்புரேட்டர்கள். ஒன்று மிக்கேலுடையது, மற்றது தம்பி லாசருடையது என்று எப்படியோ ஆகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளுக்கொரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, தன் கார்புரேட்டர் காற்றை இழுக்கும் சத்தத்தைக் கேட்பார்கள். இரண்டும் ஒன்றுபோல் இழுத்தால்தான் எஞ்சின் நடுங்காது.

“ஒம் பக்கந்தான் கூட இழுக்கு” என்பான் மிக்கேல்.

“இல்லண்ணே, ஒம் பக்கம்.”

காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தன் ஸ்க்ரூவைக் குறைக்க இருவருக்கும் மனம் வராது. அடுத்தவன் ஸ்க்ரூவைத் தொடவும் மாட்டார்கள். கார் வருடக்கணக்காக நடுங்கிக்கொண்டே ஓடியது.

மிக்கேலை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிறு, லாசர் ஒரே குழாயை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டான். கூடுதலாக இழுத்தது அவனுடையதுதான். தன் ஸ்க்ரூவைக் குறைத்தான். நடுக்கம் நின்றது.

அண்ணன் மனைவி எமிலி வாசலுக்கு வந்தாள். “என்ன தம்பி, வண்டிய அமத்திட்டியா?”

“இல்ல மதினி, ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

அவள் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். லாசர் குனிந்து ஸ்க்ரூவைப் பழையபடி ஏற்றினான். கார் நடுங்கத் தொடங்கியதும் குழாயைக் காதில் வைத்துக்கொண்டான்.

“இல்லண்ணே,” என்றான், “ஒம் பக்கம்.”