டியூப் லைட்டுக்கு நேராக

கண்ணாடிக் கெளுத்தி வந்திறங்கும் நாளில், வளர்ப்பு மீன் கடைக்காரன் பூபாலன் ஒவ்வொரு பையையும் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பான். முதலில் வெறும் தண்ணீர்தான் தெரியும். அந்த மீனுக்குச் செதில் கிடையாது, முதுகுத் துடுப்பும் பெயருக்குத்தான். உற்றுப் பார்த்தால் இரண்டு மீசையும், வயிற்றடியில் வால்வரை ஓடும் நீளத் துடுப்பும், சீப்பு மாதிரி முள்ளும் தெரியும். உயிரோடு இருக்கும்வரை அது கண்ணாடி. செத்தால் பாலாக வெளுத்துவிடும். அதனால் உள்ளேயிருந்து அவன் மனைவி தில்லைநாயகி ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "வெள்ளையா எதாவது கெடக்கா?" இல்லையென்றாலும் அவன் பையை விரலால் ஒரு சுண்டு சுண்டுவான். மீன்கள் மொத்தமாகத் திரும்பினால்தான் அவனுக்கு நிம்மதி.

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை விழுங்கியபின் இன்று அவளுக்கு மறுபடி நெஞ்சு எக்ஸ்ரே. போன படத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே பஞ்சு போல ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. டாக்டர் உறையிலிருந்து படத்தை எடுத்ததும் பூபாலன் அதை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். தில்லைநாயகி தலை நிமிரவில்லை.

"வெள்ளையா எதாவது கெடக்கா?"

எலும்புகளுக்கு நடுவே எல்லாம் சுத்தமான கறுப்பு.

"ஒண்ணுமில்ல நாயகி."

"சரியாயிடுச்சும்மா, மாத்திரைய நிறுத்திடலாம்" என்றார் டாக்டர்.

பூபாலனுக்கு அது போதவில்லை. படத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினான்.

தில்லைநாயகி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பின் முடிவில் எப்போதும் வரும் இருமலுக்காக அவன் காத்திருந்தான். அவள் இன்னொரு தடவை சிரித்தாள்.