காதில் சொன்னது

கடைசி பெஞ்சில் என் மகள் தன் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் புது டீச்சருக்கு இடம் கொடுத்தாள்.

என் வகுப்பில், என் கண் எதிரிலேயே.

அவள் அறிவியல் டீச்சர். வந்து முழுசாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் அவளுக்குச் சின்ன மிஸ் என்று பெயர் வைத்தார்கள். அன்றோடு நான் பெரிய மிஸ் ஆகிவிட்டேன். அதுவரைக்கும் வெறும் மிஸ்தான்.

முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு உசத்தி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் உசத்தியாக இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அவள் புராணம்தான். சின்ன மிஸ் பேனாவை இப்படிப் பிடிப்பாங்க. சின்ன மிஸ் கோபப்படவே மாட்டாங்க. சின்ன மிஸ்ஸுக்குப் பொய்யே சொல்ல வராதும்மா, முகம் சிவந்துடும்.

இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த என் பெண், இப்போது அவளைப் போலவே ஒற்றைப் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனால், வேண்டாம், நானே பின்னிக்கறேன் என்கிறாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளிடம் குறை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதில்தான் இன்னும் வயிறு எரிந்தது.

அன்றைக்கு நான் ஆரம்பிக்க வேண்டிய பாடம் ஒரு பழைய நாடகம். ஒரு சிறுமி ஒருத்தியைப் பார்த்துச் சூனியக்காரி என்று விரல் நீட்டுவாள். பயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் நீட்டுவார்கள். கடைசியில் ஊரே ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்குமரத்தடியில் வந்து நிற்கும்.

புத்தகத்தைத் திறக்குமுன் வருடா வருடம் ஒரு விளையாட்டு வைப்பேன். ஒவ்வொருவர் காதிலும் ரகசியமாக, நீ சூனியக்காரி என்றோ, இல்லை என்றோ சொல்வேன். பிறகு அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர வேண்டும். எந்தக் கூட்டத்துக்குள் சூனியக்காரி இருக்கிறாளோ அந்தக் கூட்டம் தோற்றது. பொய் சொல்லலாம், சத்தியம் செய்யலாம், பிடிக்காதவர்களைத் துரத்தலாம்.

விஷயம் என்னவென்றால், எல்லார் காதிலும் நான் சொல்வது ஒன்றுதான். இல்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு பாவப்பட்ட பிள்ளை சுவரோரம் தனியாக நிற்கும். அப்போது சொல்வேன், இந்த வகுப்பில் சூனியக்காரியே கிடையாது என்று. துரத்தியவர்கள் தலை குனிவார்கள். அதற்குமேல் நாடகத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இந்தச் சூட்சுமம் என் மகளுக்கு மட்டும் தெரியும். அவள் சின்னவளாக இருந்தபோது, துணி மடித்துக்கொண்டே சொல்லிச் சிரித்திருக்கிறேன். வெளியே மூச்சு விடக் கூடாது என்று பேச்சு. அவளுக்கும் எனக்கும் மிச்சமிருந்த ரகசியம் அது ஒன்றுதான்.

சின்ன மிஸ்ஸும் விளையாடணும் என்று வகுப்பு கத்தியது. அவளுக்கு அந்தப் பாடவேளை ஓய்வாம், நான் பாடம் நடத்துவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தாளாம். தாராளமாக, என்றேன்.

வரிசையாகக் குனிந்து காதில் சொல்லிக்கொண்டே போனேன். மகளின் காதிலும் சொன்னேன். தெரிந்ததுதானே என்று உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆனால் பார்வை பக்கத்தில் இருந்தவள் மேல்தான்.

அடுத்து அவள். குனிந்தபோது, என் மகள் அடம்பிடித்து வாங்கவைத்த அதே சோப்பின் வாசனை.

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். கை தட்டினேன்.

வேறு வருடமாக இருந்தால் ஆளுக்கொரு மூலையில் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்பார்கள். இந்த வருடம் அந்தப் பேச்சே இல்லை. வெல்லத்தை ஈ மொய்ப்பதுபோல் மொத்த வகுப்பும் அவளைச் சுற்றிக்கொண்டது. முதலில் போய்க் கையைப் பிடித்தவள் என் மகள்.

சின்ன மிஸ் கையை விடுவித்துக்கொண்டாள். ஒவ்வொருவராக விலக்கிவிட்டு, தானாகவே சுவரோரம் போய் நின்றாள். அவள் முகம் எப்போதும்போல இருந்தது, ஒரு துளிகூடச் சிவக்கவில்லை.

"யாரும் கிட்ட வராதீங்க. என்னால நீங்க தோத்துடக் கூடாது. மிஸ் என் காதுலதான் சொன்னாங்க, நீதான் சூனியக்காரின்னு."

வகுப்பு சிரித்தது. சின்ன மிஸ் சும்மா நடிக்கிறாங்க என்றான் ஒருவன். யாராவது தன்னைத்தானே காட்டிக்கொடுப்பார்களா என்று இன்னொருத்தி வாதாடினாள். சுவரோரம் நின்றவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு இது விளையாட்டுதான்.

என் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வருடம் முழுக்க நான் எதற்கு ஏங்கினேனோ அது நடந்தது. அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

வகுப்பில் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். இத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் அதை மீறியதில்லை.

"அம்மா," என்றாள் எல்லார் முன்னாலும். "சூனியக்காரி யாருமே இல்லன்னு சொல்லும்மா."