சத்தமான ஸ்விட்ச்

“கீபோர்டு பட்டனுக்கு அடியில எந்த ஸ்விட்ச் போடட்டும் சார்? சத்தமே வராதது இதுதான். எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க.”

“இருக்கறதுலயே சத்தமானது எது?”

கடைக்காரர் ஒன்றைத் தட்டிக் காட்டினார். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது.

“இதையே போடுங்க. ஹால்ல உக்காந்திருக்கற மாமனாருக்குக் கேக்கணும்.”

“மாமனார் மேல அவ்வளவு கோபமா சார்?”

அவன் பணத்தை எடுத்து நீட்டினான்.

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டத் தொடங்கினான். ஹாலில் மாமனார் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“மிக்ஸியை அப்புறம் போடும்மா” என்று மகளிடம் சொன்னார். “பாவம், மாப்பிள்ளை மாடா உழைக்கிறாரு.”

வேலையைவிட்டு நீக்கிய அன்றே ஆபீஸில் கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கீபோர்டின் வயர் மேசை விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் இன்னும் ஓங்கித் தட்டினான்.