நாலாவது வரனுக்கு ஒரு கேள்வி

மாப்பிள்ளை கேசரியைத் தொடவே இல்லை. அனுபமாவின் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவுக்குப் பின்னால் அம்மா ஜினமதி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சி மொழியில் புரோகிராம் எழுதுகிற மகள், பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் ஒரே கேள்வி கேட்டுத் துரத்திவிட்டாள். இவரும் ஓடினால், அம்மா கைகாட்டுகிற ஆளுக்குக் கழுத்தை நீட்டுவதாக ஒப்பந்தம்.

தனியாக வரச் சொன்னதும் வந்துவிட்டார், நல்ல பிள்ளை. போட்டோவில் இருந்த தாடியைக்கூட எடுத்திருந்தார். நுழைந்ததுமே, "மொட்டை மாடிக்கு எப்படிங்க போறது?" என்றுதான் கேட்டார். மலையடிவாரத்து வேங்கிக்காலுக்கு வருகிற விருந்தாளி யார்தான் மலையைப் பார்க்க மாடி ஏறாமல் போனார்கள்!

"ஒரே ஸ்லோவா ஓடுது. ஏன்னு சொல்லுங்க," என்றாள் அனுபமா, தான் எழுதிய மெசேஜ் புரோகிராமைத் திரையில் காட்டி.

"மெசேஜ் எவ்ளோ நீளம் வரும்னு தெரியாம, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடவை மெமரி கேக்குறீங்க. பந்திக்கு ஆள் வர வர, ஒவ்வொரு நாற்காலியா எடுக்க வாடகைக் கடைக்கு ஓடுற மாதிரிங்க."

அனுபமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன பண்ணலாம்?"

"ரொம்பிடுச்சுன்னா ரெண்டு மடங்கா கேளுங்க, கடைக்கு ஓடுற ஓட்டம் கம்மியாயிடும். மெசேஜ் முடிஞ்சதும் இடத்தைத் திருப்பிக் குடுத்துடாதீங்க. நீளத்தை மட்டும் ஜீரோ ஆக்கிட்டு, அடுத்த மெசேஜுக்கும் அதையே வெச்சுக்குங்க."

"அவ்ளோதானா?" என்று கேட்டாள். ஒளித்து வைத்த தப்பு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"இன்னொண்ணுங்க. மெமரி கேட்டதுக்கு வர்ற பதிலை நேரா பழைய இடத்தோட விலாசம் மேலயே எழுதுறீங்க. புது இடம் கெடைக்கலன்னா இருந்ததும் போச்சு. தனியா வாங்கிப் பாத்துட்டு அப்புறம் மாத்துங்க."

அனுபமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து குதித்தே விட்டாள். "அம்மா, எனக்கு சம்மதம்!"

ஜினமதி செல்போனும் கையுமாக ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அடியே, மாப்பிள்ளை அபிஷேக் லைன்ல இருக்காரு. கீழ்பென்னாத்தூர்ல இப்பதான் பஸ்ஸே ஏறுனாராம்!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இனியன்ங்க. நெட் கனெக்‌ஷன் குடுக்க வந்தேன், மாடியில வயர் இழுக்கணும். நீங்க ஸ்லோன்னு சொன்னீங்க, நானும் கம்ப்யூட்டர் படிச்சவன், அதான் பாத்தேன்..."

அனுபமா ஒரு நொடிதான் யோசித்தாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இ... இல்லைங்க."

"அபிஷேக்கை அங்கேயே எறங்கிக்கச் சொல்லும்மா!"